பல்லில் கடித்த ஊக்கு

பல்லில் ஊக்கைக் கடித்திருப்பதால் இப்போதைக்கு என்னால் யாரையும் திட்ட முடியாது. மனசுக்குள் திட்டிக்கொள்ளலாம், அதற்கு வாய் வேண்டாம், இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு அதுதான் பழக்கம். இரண்டு கையிலும் மதினியின் சேலைக் கொசுவம். அவள் இடது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், வலது கை அவளுடையதே இல்லை என்பதுபோல் தொங்குகிறது, கொஞ்சம் சாய்ந்தாள் என்றால் கொசுவத்தை விட்டுவிட்டு அவளைப் பிடிக்க வேண்டும், பிறகு முதலிலிருந்து மடிக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு தடவை ஆயிற்று. மற்ற நாளெல்லாம் நைட்டிதான், இன்றைக்கு மட்டும் சேலை. மதுரைப் பக்கத்து முதியோர் இல்லத்திலிருந்து ஒரு அம்மா இவளைப் பார்க்க வருகிறாள். பெண் பார்க்க வருகிற மாதிரி. பார்த்து, பேசி, சரி வரும் என்றால் சனிக்கிழமை மதினியின் மகன் கதிரேசன் பூனாவிலிருந்து வந்து கூட்டிப்போய் அங்கே விட்டுவிடுவான். "நீங்க சரின்னு சொன்னா போதும் அத்தை, உங்களுக்குத்தான் கஷ்டம்" என்றான் ஃபோனில். நான் சரி என்று சொன்னால் போதும். என் வீட்டுக்காரரின் அக்கா ராஜாமணி, இந்த வீட்டில் எனக்கு என்ன பெயர் என்று முதன்முதலில் தீர்மானித்தவள், வாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போய், தம்பி வீடென்று இங்கே வந்து மூன்று மாதமாக என் கையால் சோறு உண்கிறவள், இந்த வீட்டில் இருப்பதா போவதா என்பது இப்போது என் வாயில் இருக்கிறது. வாயில் ஊக்கும் இருக்கிறது. மனசுக்குள் நான் இவளை அவள் இவள் என்றுதான் சொல்வேன். வெளியே நீங்க, வாங்க, சாப்பிடுங்க மதினி. வெளியே என்றைக்கும் ஒரு குறை வைத்ததில்லை. ஒரே ஒரு நாளைத் தவிர, அந்த ஒரு நாள்தான் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது.

வாசலில் நிழல் விழுகிறது, அடுத்த வீட்டுப் பூங்கோதை, கையில் ஒரு கொத்து கறிவேப்பிலை. என் பிடரிக்குப் பின்னாலிருந்து மதினி, கணீரென்று, ஒரு பிசிறில்லாமல், "வாங்க" என்கிறாள். மூன்று மாதமாக இவளுக்கு மிஞ்சியிருக்கிற ஒரே வார்த்தை. தண்ணீர் கேட்க வராது, மகன் பெயர் வராது, வலிக்கிறது என்று சொல்ல வராது, அதற்கெல்லாம் தொண்டையிலிருந்து ஒரு இழுப்புதான். ஆனால் வாசலை ஒரு உருவம் தாண்டினால் வாங்க. கேஸ் கொண்டுவந்தவனுக்கு வாங்க, கேபிள்காரனுக்கு வாங்க, போன வாரம் பூனை வந்ததற்கும் வாங்க. டாக்டரிடம் ஆசை ஆசையாகச் சொன்னேன், ஒரு வார்த்தை நல்லா வருது டாக்டர் என்று. "அது பேச்சு இல்லம்மா, நாக்கு தன்னால சொல்றது. யோசிக்காம வர்றது மட்டும்தான் இவங்களுக்கு இப்ப வரும், யோசிச்சா வராது. புரியறதெல்லாம் புரியும். ஆனா தலையாட்டுறத நம்பாதீங்க, ஆமான்னு நெனச்சு இல்லன்னு ஆட்டுவாங்க, மாறி மாறி வரும்" என்றார். பூங்கோதைக்கு முகமெல்லாம் சிரிப்பு, "இந்தா, என்ன வாய் நெறைய கூப்பிடுறாக" என்று மதினியைப் பார்த்துச் சொல்லிவிட்டு என்னைப் பார்க்கிறாள். நான் என்ன செய்ய? இரண்டு கையிலும் கொசுவம், பல்லில் ஊக்கு. தலையை ஆட்டினேன். பூங்கோதை கறிவேப்பிலையை நாற்காலியில் வைத்துவிட்டு, "சரி சரி, வேலையா இருக்கீக" என்று போய்விட்டாள். இந்நேரம் அவள் வீட்டில் என்ன சொல்லிக்கொண்டிருப்பாள்? சுகமில்லாத மனுஷி வாங்கன்னு சொல்லுது, நல்லா இருக்கிறவளுக்கு வாய் வரல. சொல்லட்டும். ஏற்கெனவே எனக்கு வைத்திருக்கிற பெயர்களோடு இன்னும் ஒன்று.

அன்றைக்கும் இதே ஊக்குதான், அதாவது இதே மாதிரி ஒன்று. கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்குக் கிளம்புகிற காலை. உள்ளறையில் இவருடைய சித்திமார்கள் துணி மாற்றிக்கொண்டிருந்தார்கள் என்று என்னை நடு அறையில் நிற்க வைத்துவிட்டார்கள். புதுப் பட்டு, கஞ்சி போட்ட மாதிரி விறைப்பு, மடித்த மடிப்பெல்லாம் வழுக்கி வழுக்கி அவிழ்ந்தது. எனக்கு அப்போது சேலை கட்டவே சரியாக வராது, வீட்டில் தாவணிதான். கொசுவத்தை ஒரு வழியாக இரண்டு கையிலும் பிடித்து, ஊக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்திருக்கும்போது வாசலில் செருப்புச் சத்தம். மதினியும் அவள் வீட்டுக்காரரும், அப்போது அவர் இருந்தார், அருப்புக்கோட்டை பஸ்ஸில் வந்து இறங்கி, பையில் பழம், நெற்றியெல்லாம் வியர்வை. கல்யாணக் கூட்டத்தில் அவளை ஒரு முகமாகத்தான் பார்த்திருக்கிறேன், மூத்த நாத்தனார் என்று கையைப் பிடித்துக் காட்டினார்கள், அவ்வளவுதான். நிமிர்ந்தேன். வாங்க மதினி என்று சொல்ல நாக்கு எழுந்தது, ஊக்கு இடித்தது. கையை விட்டால் மூன்று ஆம்பளைகள் நடமாடுகிற அறையில் சேலை தரையில். தலையை ஆட்டினேன், சிரிக்கவும் செய்தேன். அந்தச் சிரிப்பைத்தான் நான் இத்தனை வருஷமாக யோசித்துப் பார்க்கிறேன். பல்லில் ஊக்கை வைத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்று சிரித்துப் பார்த்திருக்கிறேன், சிரிப்பு மாதிரி இல்லை, கடிக்க வருகிற மாதிரி இருக்கிறது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஒரே பார்வை, காய்கறிக்காரனிடம் கத்தரிக்காயைத் திருப்பிப் பார்க்கிற அவ்வளவு நேரம்தான். பிறகு நேராக உள்ளே மாமியாரிடம் போய்விட்டாள். ஊக்கைக் கையில் எடுத்துக் குத்தி, நான் வாங்க மதினி என்று பின்னாலேயே போவதற்குள் உள்ளே குரல் கேட்டது. "என்னம்மா, ஒங்க மருமக வாயத் தொறந்து வாங்கன்னு சொல்ல மாட்டாளாமா? மகாராணி கணக்கா தலைய ஆட்டுறா." அங்கே யாரோ சிரித்தார்கள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். வெயிலிலிருந்து உள்ளே வருகிறவர்களுக்கு முதலில் ஒன்றும் தெரியாது, கண் பழக நேரமாகும், ஊக்கு அவள் கண்ணில் பட்டிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பட்டிருக்குமோ? இந்த இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கொள்கிறேன். படவில்லை என்றால் இவள் தப்பாகப் புரிந்துகொண்ட ஒரு மனுஷி, போகட்டும் என்று விட்டுவிடலாம். பட்டும் அப்படிச் சொன்னாள் என்றால்?

கொசுவத்தைச் செருகி ஊக்கைக் குத்தியாயிற்று. இவளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைக்கிறேன், முழங்கால் மடங்க மறுக்கிறது, "மெல்ல மதினி, மெல்ல" என்கிறேன், குரலில் தேன், உள்ளே அத்தனையும் எரிகிறது. சீப்பை எடுக்கிறேன். ஒரு தலையாட்டலை வைத்து ஒரு பொம்பளையை முழுசாக எழுதிவிட முடியுமா என்றால் முடியும், நான் பார்த்திருக்கிறேன், என்னைத்தான் எழுதினார்கள். மதிப்பு மரியாதை தெரியாதவள் என்பது முதல் வரி. மீதியெல்லாம் தன்னால் சேர்ந்தது. கூட்டத்தில் பேசாமல் இருந்தால் கர்வம், பேசினால் வாய் நீளம். விசேஷத்துக்கு நல்ல சேலை எடுத்துக் கொடுத்தால் பணத்தைக் காட்டுகிறாள், சாதாரணமாக எடுத்தால் மனசு வரவில்லை. சிரித்தால் நக்கல். நான் ரசத்துக்குப் பெருங்காயம் அதிகம் போட்டால்கூட அதிலும் ஒரு திமிர் தெரிந்தது அவர்களுக்கு. நடப்பதைப் பார்த்து ஆளை எடை போட வேண்டியதில்லை, எடை முதலிலேயே போட்டாயிற்று, நடப்பதையெல்லாம் அந்தத் தட்டில் எடுத்து எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான். என் இரண்டாவது பிள்ளை வயிற்றிலேயே போனபோது ஆஸ்பத்திரியில் நான் அழவில்லை. அழுதால் நிற்காது என்று பயந்து பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் இவள் குரல், "அவளுக்கு இதெல்லாம் எங்க ஒறைக்கப் போகுது, கல்லு." எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது, இது இனி மாறாது. நான் தீக்குளித்தாலும் இவள் என்ன திமிராக எரிகிறாள் பார் என்பார்கள். இவரிடம் ஒரே ஒரு தடவை ஊக்கு விஷயத்தைச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். "ஊக்கா? இதையெல்லாம் போய் அக்காகிட்ட சொல்லச் சொல்லுறியா? நீ கொஞ்சம் எறங்கிப் போயேன், ஒனக்குச் சுபாவமே அப்படி." கூடப் படுக்கிற மனுஷனுக்கும் நான் அதுதான். அதன் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? குற்றம் செய்தவள்தான் சாட்சி தேடுவாள். சொல்லாமல் இருந்ததற்கும் ஒரு பெயர் இருக்கிறது, அதுவும் திமிர்தான். இப்போது யோசித்தால் எரிச்சலாக வருகிறது, நடை கூட எனக்கு அப்படி ஆகிவிட்டது, கழுத்தைக் கொஞ்சம் நிமிர்த்தித்தான் நடக்கிறேன். அவர்கள் தைத்துப் போட்ட ரவிக்கை, போடப் போட எனக்கே அளவாகிவிட்டது.

முடி கொட்டி எலி வால் மாதிரி ஆகிவிட்டது இவளுக்கு. சிக்கு வலிக்கும் என்று அடியிலிருந்து எடுக்கிறேன், மேலிருந்து வெடுக்கென்று இழுத்தால் என்ன? ஒரு தடவை இழுத்தால் என்ன? இவளால் சொல்ல முடியாது. கை அப்படிச் செய்யமாட்டேன் என்கிறது, கைமேல் கோபம் வருகிறது. எதற்காக இந்தச் சேலை, எதற்காக இந்தச் சீவல்? அந்த இல்லத்து அம்மா பார்த்தவுடன் நல்ல மனுஷி என்று நினைக்க வேண்டும் என்றா? ஆமாம், அதற்காகத்தான். முதல் பார்வையில் என்ன விழுகிறதோ அதோடுதான் இவள் அங்கே சாகிறவரைக்கும் கிடக்க வேண்டும். எனக்குத் தெரியாதா அது. சோறு முதலில் வருமா கடைசியில் வருமா, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்களா மாட்டார்களா, எல்லாம் அந்த அரை நிமிஷத்தில் இருக்கிறது. அதற்காக நான் ஏன் மெனக்கெடுகிறேன்? போனால் நிம்மதி. காலையில் எழுந்து ஒரு காபியைச் சூடாகக் குடிக்கலாம், ராத்திரி முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு படுக்க வேண்டியதில்லை, சரி என்று ஒரு வார்த்தை. ஆனால் போய்விட்டாள் என்றால் அந்த ஊக்கு என் பல்லிலேயே நின்றுவிடும், நான் யாரிடம் போய்த் துப்ப? இன்னொன்றும் இருக்கிறது, சொல்லக் கேவலமாக இருக்கிறது. உலகத்துக்கெல்லாம் வாங்க சொல்கிற இந்த வாய் எனக்கு ஒரு தடவை சொல்லவில்லை. கடைக்குப் போய் வருகிறேன், ஒன்றுமில்லை. இவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மூன்று நாள் எங்கள் அம்மா வீட்டுக்குப் போய் வாசல் வழியாகப் பெட்டியோடு வந்தேன், பின்னால் வந்த ஆட்டோக்காரனுக்கு வாங்க, எனக்கு ஒரு முறைப்பு. நாக்கு தன்னால் சொல்கிறது என்கிறார் டாக்டர். அப்படியென்றால் என்னைப் பார்த்ததும் அந்த நாக்கு ஏன் நிற்கிறது? அதற்கு ஒரு மருந்து இருக்கிறதா டாக்டர் என்று கேட்க வாய் வந்து அடக்கிக்கொண்டேன். பூனைக்குச் சொல்கிறாள். பூனைக்கு!

கார் சத்தம். கதவைத் திறந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, சரியான மிடுக்குக்காரி. மொடமொடவென்று காட்டன் சேலை, கழுத்தில் அடையாள அட்டை, கைப்பையை அக்குளில் இடுக்கிய விதம், செருப்பைக் கழற்றும்போதே வீட்டை அளக்கிற கண். சுகந்தி என்றாள். காபி என்றேன், வேண்டாம். மோர்? வேண்டாம். தண்ணியாவது? "எதுவும் வேணாம்மா." ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காதவள் என்ன மனுஷி, வந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று இருக்கிறாள், நம்மையெல்லாம் கேவலமாக நினைக்கிறாள் என்று எனக்குள் மளமளவென்று ஓடியது. மதினி இடது கையை நாற்காலிக் கைப்பிடியில் ஊன்றி, நிமிர்ந்து, "வாங்க" என்றாள். என் மனசு குளிர்ந்தது, அப்பா, நல்லபடியாகச் சொல்லிவிட்டாள். சுகந்தியும் சிரித்தாள். "அட, பாட்டி நல்லாப் பேசுறாங்களே. பையன் பேச்சே வரலன்னாரே." மதினிக்கு அறுபத்திரண்டு ஆகிறது, பாட்டி என்று ஒருத்தரும் கூப்பிட்டதில்லை, பேரன் பேத்தி கிடையாது. புருவம் ஏறியதைப் பார்த்தேன். சுகந்தி நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து, காது கேட்காதவளிடம் பேசுவதுபோல் உரக்க, "பாட்டி, உங்க பேரு என்ன? பேரு, பேரு" என்றாள். மதினியின் உதடு குவிந்தது, தொண்டை ஏறி இறங்கியது, ஒன்றும் வரவில்லை. "காலைல என்ன சாப்பிட்டீங்க? இட்லியா, தோசையா?" முகம் சிவந்தது. எனக்குத் தெரியும் அந்தச் சிவப்பு, வார்த்தை உள்ளே நிற்கிறது, கதவு திறக்கவில்லை, அந்த அவமானம். "இது யாரு? மருமகளா?" என்று என்னைக் காட்டினாள். மதினி என்னைப் பார்த்தாள், பிறகு முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். சுகந்தி என் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தாள், தணித்தது மதினிக்கு நன்றாகக் கேட்கும் அளவுக்குத்தான். "வாங்கன்னு அவ்வளவு தெளிவா சொல்றாங்க, பேருன்னா வாயத் தொறக்க மாட்டேங்கறாங்க. பேச முடியாம இல்லம்மா, பேச மனசில்ல. நான் எத்தன பேரப் பாத்திருக்கேன், உள்ள வந்ததும் மொகத்தப் பாத்தே சொல்லிருவேன். திமிர் பிடிச்ச ஆளு. கவலப்படாதீங்க, எங்ககிட்ட வந்து ஒரு வாரம் இருந்தா எல்லாம் எறங்கிரும்."

திமிர். அந்தச் சொல் இந்த அறையில் எத்தனை வருஷமாக என் பெயராக இருந்தது. இவள் வாயிலிருந்து என்மேல் ஏறியது, இன்றைக்குச் சுத்தி வந்து இவள்மேலேயே விழுந்திருக்கிறது, நான் கைதட்டிச் சிரித்திருக்க வேண்டும். சந்தோஷமாக இருக்க வேண்டும். ஒரு நிமிஷம் இருக்கிறதா என்று தேடியும் பார்த்தேன். இல்லை. காது இரண்டும் அடைத்துக்கொண்டது, பிடரியிலிருந்து சூடு ஏறியது, அது யாருக்காக ஏறுகிறது என்று யோசிக்கவே நேரமில்லை. "எந்திரிங்க" என்றேன். அவள் புரியாமல் பார்த்தாள். "எந்திரிங்கன்னேன். வந்து உக்காந்து காத்தாடி ஒரு சுத்து சுத்தல, அதுக்குள்ள ஒங்களுக்கு ஆளு எப்படின்னு தெரிஞ்சுபோச்சா? மொகத்தப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டீகளா? அந்த மொகம் பாதி இழுத்துக்கெடக்கு, அதுலயா தெரிஞ்சுச்சு? அவுகளுக்குப் பேரு தெரியும், இட்லி தெரியும், நான் யாருன்னு நல்லாவே தெரியும், சொல்ல வரல. வரலன்னா என்னன்னு ஒங்களுக்குத் தெரியுமா? உள்ள இருக்கும், நாக்கு நுனி வரைக்கும் வரும், வெளிய வராது. பாக்கிறவன் பாட்டுக்கு ஒரு பேரு வச்சுட்டுப் போயிருவான். அந்தப் பேர அப்புறம் எதக் கொண்டு தேச்சும் கழுவ முடியாது. ஒரு வாரத்துல எறக்குவீகளா? எத எறக்குவீக?" நான் கத்திக்கொண்டிருக்கிறேன். என் குரல் இந்த வீட்டில் இவ்வளவு உயரத்துக்குப் போனதே இல்லை, இத்தனை வருஷத்தில் யாருமே என்னைப் பற்றி சண்டைக்காரி என்று மட்டும் சொன்னதில்லை, இன்றோடு அதுவும் சேர்ந்துகொள்ளட்டும். மதினி ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. கைப்பிடியைப் பிடித்திருந்த இடது கை மட்டும் வெளுத்திருந்தது.

சுகந்தி பையை எடுத்துக்கொண்டாள். வாசல்படியில் செருப்பை மாட்டினாள். நான் கேட் வரைக்கும் போனேன், ஏன் போனேன் தெரியாது, வந்தவர்களைக் கேட் வரை கொண்டுபோய் விடுவது கால் தன்னால் செய்கிற வேலை. "கோவிச்சுக்காதீங்கம்மா, ஒரு நாளைக்கு நாலு ஊரு, எல்லாரையும் ஒரே மாதிரி பாத்துப் பழகிருச்சு" என்றாள். பிறகு கார் கதவைப் பிடித்துக்கொண்டு, "தண்ணி குடிக்காதத தப்பா எடுத்துக்கிட்டீங்க, கவனிச்சேன். போற வீட்டுல பாத்ரூம் கேக்க சங்கடமா இருக்கும், அதான் கெளம்புனா திரும்புற வரைக்கும் குடிக்கிறதில்ல" என்றாள். வெயில் சுள்ளென்று அடித்தது. அவள் உதடு காய்ந்து தோல் உரிந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். எங்க வீட்டு பாத்ரூம் சுத்தமாத்தான் இருக்கு என்றேன், அதுதான் வாயில் வந்தது. அவள் தலையை ஆட்டினாள், கார் போய்விட்டது. எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை, யார்மேல் என்றுதான் குழம்பிப்போயிற்று. அவள்மேல் என்றால் அவள் நாக்கு வறண்டு போகிறாள். உள்ளே இருக்கிறவள்மேல் என்றால் அவள் பேச்சு வறண்டு கிடக்கிறாள். எல்லோரும் இப்படி வாயைக் கட்டிக்கொண்டால் நான் யாரைத்தான் பிடித்து உலுக்குவது?

வேண்டுமென்றே முன்வாசல் வழியாக உள்ளே போனேன். செருப்பைச் சத்தத்தோடு கழற்றினேன். வெளியாள் வருகிற மாதிரி நிலைப்படியில் நின்றேன், சொல்லுங்க மதினி, இன்றைக்காவது சொல்லுங்கள், ஒங்களுக்காக ஒருத்தியோடு சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறேன், கேஸ்காரனுக்குச் சொன்னதை எனக்குச் சொல்லுங்கள். அவள் என்னைப் பார்த்தாள். உதடு அசைந்தது. வரவில்லை. வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு அறை இருட்டாக இருந்தது, அவள் முகம் முதலில் தெரியவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது. அன்றைக்கு நான் எனக்கே சொல்லிக்கொண்ட அவ்வளவு நேரம் ஆகுமா? ஆகாது. நான் எண்ணிப் பார்க்கவில்லை, ஆனால் சீக்கிரமே தெரிந்துவிட்டது, முதலில் கண், பிறகு மூக்குத்தி. மூக்குத்தி தெரிந்தால் ஊக்கு தெரியாதா? என் முந்தியில் இருந்த ஊக்கைப் பிடுங்கினேன், பல்லில் கடித்தேன், என் கொசுவத்தை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் போய் நின்று தலையை ஆட்டினேன், சிரித்தேன், அந்தக் கடிக்க வருகிற சிரிப்பு. பைத்தியக்காரி என்று யாராவது பார்த்தால் சொல்வார்கள், சொல்லட்டும். பிறகு ஊக்கைக் கையில் எடுத்தேன். "நல்லாப் பாத்துக்கோங்க மதினி. அன்னைக்கு மறுவீட்டுக்குக் கெளம்பும்போது இதுதான் என் வாயில இருந்துச்சு. எப்படி வாங்கன்னு சொல்லச் சொல்றீக? சொல்லுங்க, எப்படி?" அவள் ஊக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் கோத்தது, இந்த வியாதிக்கு அதுவும் தன்னால் வரும் என்றிருக்கிறார் டாக்டர், அதையும் நான் நம்பக் கூடாது. மெல்லத் தலையை ஆட்டினாள், மேலும் கீழும். "புரியுதா?" ஆட்டினாள். "இப்பத்தான் தெரியுமா?" ஆட்டினாள். "இல்ல, அன்னைக்கே ஊக்கப் பாத்துட்டீகளா? பாத்துட்டுத்தான் அப்படிச் சொன்னீகளா?" அதற்கும், அதே மாதிரி, மெல்ல, மேலும் கீழும்.

ஃபோன் அடித்தது. கதிரேசன். "அத்தை, சுகந்தி மேடம் பேசினாங்க, ஏதோ சத்தமாயிருச்சாமே, பரவால்ல, நான் வேற எடம் பாக்குறேன், சனிக்கிழமை எப்படியும் வந்து கூட்டிட்டுப் போயிர்றேன், உங்களுக்கு எவ்வளவுதான் கஷ்டம்" என்று ஒரே மூச்சில் பேசினான். மதினி ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தாள், மகன் குரல் அவளுக்குக் கேட்கிறது. "எங்கயும் பாக்க வேணாம்" என்றேன். "ஏன் அத்தை?" "ஒங்க அம்மா எனக்கு ஒரு பதில் சொல்லணும்பா. அத அவுக வாயால கேக்காம நான் விடுறதா இல்ல." "பேச்சுத்தான் வராதே அத்தை." "வரும். வர வைக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டு, ஊக்கை மறுபடி முந்தியில் குத்திக்கொண்டு, நாற்காலியை அவள் முகத்துக்கு நேரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "எங்க மதினி, என் வாயப் பாருங்க. ஊ. சொல்லுங்க. ஊ."